பாரம்பரியச் செர்ரி தக்காளி: விதை போடுவது முதல் விதை எடுப்பது வரை

கடையில் வாங்கிய செர்ரி தக்காளி நன்றாக இனித்ததே என்று அதன் விதையை எடுத்துப் போட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நானும் போட்டேன். ஆறு செடி வந்தது, ஆறும் ஆறு விதமாகக் காய்த்தது. ஒன்றில் கோலிக்குண்டு அளவுப் பழம், இன்னொன்றில் எலுமிச்சை அளவு. ஒன்று வாய் கூசும் புளிப்பு, ஒன்றில் ருசி என்று சொல்ல எதுவுமே இல்லை.

விதைமேல் குற்றமில்லை. கடைக்கு வரும் செர்ரி தக்காளி பெரும்பாலும் ஹைபிரிட், அதாவது வீரிய ஒட்டு ரகம். இரண்டு வேறு பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. அந்தப் பழத்தின் விதையை நாம் போடும்போது வருவது இரண்டாம் தலைமுறை. அதில் பாட்டன் பாட்டி குணங்கள் கலைந்து, செடிக்குச் செடி வேறு விதமாகச் சேரும்.

பாரம்பரிய ரகம் தன் மகரந்தத்தில் தானே காய்த்துக் காய்த்து, பல தலைமுறையாக ஒரே குணத்தில் நிலைத்துப் போனது. எத்தனை ஆண்டு பழையதாக இருந்தால் ‘பாரம்பரிய’ என்ற பெயர் பொருந்தும் என்பதில் ஒத்த கருத்து கிடையாது. 50 ஆண்டு போதும் என்பார்கள் சிலர். ஹைபிரிட் விதைகள் பரவுவதற்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்பார்கள் வேறு சிலர். என் கணக்கு எளிது: விதை எடுத்துப் போட்டால் அதே செடி வர வேண்டும். அதனால் பறிப்பதோடு நிறுத்தாமல், அடுத்த வருடத்து விதையைக் குப்பியில் அடைக்கும் வரைக்கும் இதில் சொல்லப் போகிறேன். நடுவே செய்யும் சில வேலைகளுக்குக் காரணமே அந்தக் கடைசி வேலைதான்.

எந்த ரகம்?

விதைப் பொட்டலத்தில் ‘எஃப்1’ என்று இருந்தால் அது ஹைபிரிட். பெயரையும் படத்தையும் பார்த்து ஏமாற வேண்டாம். இனிப்புக்குப் பேர்போன ஆரஞ்சு நிற சன்கோல்டும் ஹைபிரிட்தான். சாப்பிட அருமை, விதை எடுக்க உதவாது.

எல்லோ பேர் என்ற மஞ்சள் ரகம் 19ஆம் நூற்றாண்டிலேயே தோட்டங்களில் இருந்தது. குட்டிப் பேரிக்காய் வடிவம், கொத்துக் கொத்தாகக் காய்க்கும், பார்க்க அத்தனை அழகு. ருசி என்னவோ சுமார்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு செடி வைக்கலாம், ஆனால் அதை மட்டுமே நம்பி வைக்க வேண்டாம். ரீசன்ட்ராபே ஜெர்மன் ரகம். பெயருக்கே பெரிய திராட்சைக் கொத்து என்றுதான் பொருள், பழத்தின் நுனியில் சின்னக் கூர்மை இருக்கும். மேட்ஸ் வைல்ட் செர்ரி மெக்சிகோவின் ஹிடால்கோ பகுதியிலிருந்து வந்தது. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய பழம், ருசி அழுத்தமாக இருக்கும், ஆனால் செடி அடங்காது. இடம் குறைவாக இருப்பவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம்.

எனக்குப் பிடித்தது பிளாக் செர்ரி. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், இனிப்போடு லேசான புகைவாசம். வயதில் இது பழைய ரகம் இல்லை, இந்த நூற்றாண்டில் பரவியது. ஆனால் விதை போட்டால் அதே செடி வருகிறது, எனக்கு அது போதும்.

முதல் தடவை என்றால் இரண்டு ரகத்துக்கு மேல் வைக்காதீர்கள். பெரும்பாலான பாரம்பரியச் செர்ரி ரகங்கள் கொடி மாதிரி நிற்காமல் வளர்பவை. ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும். நன்றாகக் காய்க்கும் ஒரே செடி சின்னக் குடும்பத்துக்குப் போதும்.

எப்போது விதைப்பது?

நாள்காட்டியைவிட வெப்பமானி நல்ல வழிகாட்டி. பூக்கும் காலத்தில் பகல் வெப்பம் 20 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ இரவே 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தாலோ மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். செர்ரி வகை பெரிய தக்காளியைவிடச் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. குளிர்ப் பக்கத்தில், இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் செடி வளராமல் முடங்கும். உறைபனி பட்டால் செத்துவிடும்.

விதைத்ததிலிருந்து நடும் பக்குவத்துக்கு வெப்பமான இடத்தில் நாலைந்து வாரம், குளிரான இடத்தில் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நட்டபின் முதல் பழத்துக்கு இன்னும் 60 முதல் 75 நாள். வெயில் கொளுத்தும் ஊர் என்றால், கோடை முடிந்து சூடு தணியும்போது பூ வருகிற மாதிரி பின்னோக்கிக் கணக்குப் போட்டு விதையுங்கள். பனி விழும் ஊர் என்றால் கடைசிப் பனி போன பிறகு நடுகிற மாதிரி கணக்குப் போடுங்கள்.

நாற்று

தேங்காய் நார்த்தூளும் சலித்த மண்புழு உரமும் சம அளவு கலந்தால் நாற்றுக்கு ஏற்ற கலவை. தோட்டத்து மண்ணை நாற்றுத் தட்டில் போட வேண்டாம், இறுகிவிடும், நோயையும் கொண்டு வரும். குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே கலவையைத் தூவி லேசாக அழுத்தினால் சரி. கலவை 25 டிகிரி சூட்டில் இருந்தால் ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும்.

நாற்று கெடுவது இரண்டு காரணத்தால்தான். ஒன்று வெளிச்சக் குறைவு. ஜன்னல் ஓரத்தில் வைத்த நாற்று நூல்போல நீண்டு ஒரு பக்கமாகச் சாயும். முளை தெரிந்த அன்றே நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள். இரண்டாவது ஈரம் மிகுவது. அடித்தண்டு கறுத்து மெலிந்து, நேற்று நின்ற நாற்று இன்று காலை படுத்துக் கிடக்கும். இதுதான் நாற்றழுகல், வந்த பிறகு மருந்து தேடிப் பயனில்லை. தட்டைத் தண்ணீரில் வைத்துக் கலவை அடியிலிருந்து உறிஞ்ச விடுவதும், மேற்பரப்பு காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர் காட்டுவதும் போதும்.

முதலில் வரும் நீளமான இரண்டும் விதையிலைகள். அதற்குப் பின் வரும் ஓரம் வெட்டிய இலைதான் தக்காளி இலை. அது இரண்டு ஜோடி வந்ததும் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். மாற்றும்போது தண்டைப் பிடிக்காமல் விதையிலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் அதோடு சரி.

இந்தக் கட்டத்திலேயே ஒன்றைக் கவனித்து வையுங்கள். ஒரே பொட்டலத்து நாற்றுகளில் ஒன்று மட்டும் வேறு இலை வடிவத்தில், வேறு தண்டு நிறத்தில் இருந்தால், முந்தின தலைமுறையில் அது கலந்திருக்கலாம். தூக்கிப் போட வேண்டாம், பழம் சாப்பிடலாம். அதிலிருந்து விதை மட்டும் எடுக்கக் கூடாது.

நடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நாற்றை வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் காலை வெயில், கடைசி இரண்டு நாள் முழு நாளும் வெளியில். இதைத் தாண்டிக் குதித்து நேராக வெயிலில் நட்டால் இலை வெள்ளையாக வெந்துவிடும்.

இடமும் மண்ணும்

ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கார அமில அளவு 6 முதல் 6.8 வரை இருக்கும், தண்ணீர் தேங்காத மண் போதும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே நன்றாக மக்கிய தொழு உரம் கலந்து வையுங்கள். மக்காத சாணத்தைப் போட்டால் சூடு கிளம்பி வேர் வெந்துபோகும்.

கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி நான்கும் ஒரே குடும்பம். போன பருவத்தில் இவற்றில் ஏதாவது இருந்த இடத்தில் இந்தப் பருவம் தக்காளி வைக்காமல் இருப்பது நல்லது. மூன்று வருடம் விட்டால் இன்னும் நல்லது. ஹைபிரிட்களில் பலவற்றுக்கு வாடல் நோயையும் வேரைத் தாக்கும் நூற்புழுவையும் தாங்கும் குணத்தைப் புகுத்தியிருப்பார்கள். பாரம்பரிய ரகங்கள் பலவற்றுக்கு அந்தக் கவசம் இல்லை. இடம் மாற்றுவதுதான் நாம் அதற்குத் தரும் கவசம்.

தொட்டி என்றால் 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. 40 லிட்டர் இருந்தால் கோடைத் தண்ணீர்க் கவலை பாதியாகக் குறையும். ‘செர்ரி’ என்ற பெயரில் பழம் மட்டும்தான் சின்னது. நான் முதன்முதலில் ஐந்து லிட்டர் டப்பாவில் வைத்தேன். மதியம் ஆனால் தினமும் தலை தொங்கி, மொத்தமாகப் பதினேழு பழம் கொடுத்துவிட்டு அது போய்ச் சேர்ந்தது.

நடுவது

தக்காளித் தண்டை மண்ணில் புதைத்தால் அந்தப் பகுதி முழுக்க வேர்விடும். அதனால் நாற்றின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நான்கைந்து இலை மட்டும் தெரியும்படி ஆழமாக நடுங்கள். நாற்று நீண்டுபோயிருந்தால் நீளவாக்கில் சிறு பள்ளம் வெட்டிப் படுக்க வைத்து, நுனியை மட்டும் மேலே நிமிர்த்தி மண் மூடலாம். இரண்டு நாளில் தானே நேராகிவிடும். மாலை வேளையில் நட்டு, வேர் நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். செடிக்குச் செடி 60 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கட்டும்.

ஊன்றுகோலை நடும் நாளிலேயே இறக்கிவிட வேண்டும். செடி வளர்ந்த பிறகு குத்தினால் வேரில்தான் இறங்கும். இரண்டு மீட்டர்க் கம்போ, மேலே கம்பி கட்டித் தொங்கவிட்ட கயிறோ எதுவானாலும் சரி. கட்டும்போது எண் 8 வடிவில் தளர்வாகக் கட்டுங்கள், தண்டு பருக்க இடம் வேண்டும்.

பக்கக் கிளை

இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் புதிதாக ஒரு தளிர் கிளம்பும். அதுதான் பக்கக் கிளை. விட்டால் அதுவே இன்னொரு செடி அளவுக்கு வளரும். எல்லாவற்றையும் கிள்ளித் தனித்தண்டாக வளர்ப்பது ஒரு முறை, எதையுமே தொடாமல் விடுவது இன்னொரு முறை. செர்ரி வகைக்கு இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை. தனித்தண்டில் காய் குறைந்தது, தொடாமல் விட்டதில் காற்றோட்டம் இல்லாமல் இலைக்கருகல் வந்தது. முதல் பூங்கொத்துக்குக் கீழே வரும் பக்கக் கிளைகளை எல்லாம் எடுத்துவிட்டு, அதற்கு மேலே பலமான ஒன்றிரண்டை மட்டும் விட்டு, மொத்தம் இரண்டு மூன்று தண்டாக வளர்ப்பதில்தான் நின்றிருக்கிறேன். தரையிலிருந்து ஒரு முழம் வரை இலையே இல்லாமல் வைத்திருங்கள். மண் தெறித்து இலையில் படுவதால் வரும் நோய் குறையும். இலை ஈரமாக இருக்கும்போது கிள்ளக் கூடாது.

கிள்ளிய தளிர் விரல் நீளத்துக்கு மேல் இருந்தால் தண்ணீர்க் குவளையில் போட்டு வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வேர் வரும். அச்சு அசலாகத் தாய்ச்செடியேதான், ஒரு மகரந்தமும் கலக்காத நகல். பருவம் நீளமாக இருக்கும் இடங்களில் இரண்டாவது சுற்றுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

தண்ணீரும் உரமும்

தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றுவது தரையில் வளரும் செடிக்கு நல்லது. தொட்டிக்கு அந்த வசதி இல்லை, வெயில் நாளில் தினமும் வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். காய்ந்த புல்லோ இலைச்சருகோ வைக்கோலோ ஐந்து சென்டிமீட்டருக்கு மூடாக்குப் போட்டால் ஈரம் சீராக இருக்கும்.

சீராக இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? காய்ந்து கிடந்த செடி திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் பழத்தின் உள்ளே சதை பெருகும், தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். பாரம்பரியச் செர்ரி ரகங்களுக்குத் தோல் மெல்லிசு. ருசிக்கு அதுவும் ஒரு காரணம், வெடிப்புக்கும் அதுதான் காரணம். பெரிய மழை வரப் போகிறது என்று தெரிந்தால் நிறம் திரும்பியதையெல்லாம் பறித்துவிடுங்கள்.

உரத்தில் பலரும் செய்யும் தவறு அன்பு அதிகமாவது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கூடினால் செடி யானை மாதிரி இருக்கும், பூ இருக்காது. நட்டதிலிருந்து முதல் காய் பிடிக்கும் வரை கூடுதலாக எதுவும் தேவையில்லை. காய் பிடித்ததும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமோ சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரமோ வேரைச் சுற்றிக் கொடுத்தால் போதும். பழத்தின் அடி கறுத்து அழுகும் நுனி அழுகல் செர்ரி வகைக்கு அபூர்வம். வந்தாலும் சுண்ணாம்புச்சத்து மண்ணில் இல்லாததால் என்பதைவிட, தண்ணீர் ஏறி இறங்கியதால் அது பழத்துக்குப் போய்ச் சேராததால் வருவதே அதிகம்.

பூவும், விதைக்கான ஏற்பாடும்

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். பூ அசைந்தாலே மகரந்தம் கொட்டிக் காய் பிடிக்கும். காற்று இல்லாத பால்கனியில் காலை பதினோரு மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் நாலு சுண்டு சுண்டினால் போதும்.

பெரும்பாலும் தானே காய்த்துக்கொள்ளும் என்றால் ரகம் கலப்பது எப்படி? தக்காளியின் காட்டு உறவு, பெருவிலும் ஈக்வடாரிலும் வளரும் பட்டாணி அளவுப் பழம். அதன் பூவில் சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனி, மகரந்தம் கொட்டும் குழலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைய தக்காளிகள் பலவற்றில் அது உள்ளே அடங்கிவிட்டது. சின்னப் பழ ரகங்கள் சிலவற்றில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. பூவை அதிரவைத்து மகரந்தம் எடுக்கும் வண்டுத்தேனீக்கள் வேறு ரகத்து மகரந்தத்தோடு வந்து உட்கார்ந்தால் முடிந்தது கதை.

ரகங்களுக்கு நடுவே இடைவெளி விட இடமில்லாத வீட்டுத் தோட்டத்தில் வழி ஒன்றுதான்: பை. மெல்லிய வலைத்துணிப் பையை, மொட்டு விரிவதற்கு முன்பே ஒரு கொத்துக்குப் போட்டு வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். தினமும் ஒருமுறை சுண்டிவிடுங்கள். மிளகு அளவுக்குக் காய் பிடித்ததும் பையைக் கழற்றி, விரியாமல் இருக்கும் பூக்களைக் கிள்ளிவிட்டு, காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டுங்கள். நூல் கட்டிய கொத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைப்பதும் இந்த வேலையில் சேர்த்தி.

எந்தச் செடி? முதலில் பூத்தது என்பதற்காக அவசரப்பட வேண்டாம். இரண்டாவது மூன்றாவது கொத்து வருவதற்குள் எது திடமாக இருக்கிறது, எந்தப் பழம் ருசி என்று தெரிந்துவிடும். பிஞ்சு மட்டுமல்ல, செடியே நன்றாக இருக்க வேண்டும். நோஞ்சான் செடியில் காய்த்த ஒரே ஒரு அழகான பழத்தில் மயங்காதீர்கள்.

தொல்லைகள்

அடியிலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் அது முன்பருவ இலைக்கருகல். அந்த இலைகளை எடுத்து அப்புறப்படுத்தி, காற்றோட்டம் கொடுத்தால் செடி அதோடு வாழ்ந்துவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்த நாளில் தண்டிலும் இலையிலும் கறுப்புத் திட்டுகள் ஓரிரு நாளில் படர்ந்தால் அது பின்பருவக் கருகல். அந்தச் செடியை உடனே பிடுங்கி அகற்றுங்கள், காத்திருந்தால் பக்கத்துச் செடிகளும் போகும்.

நுனி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, மஞ்சளாகி, செடி வளராமல் நின்றால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். இதற்கு வைத்தியம் இல்லை, பிடுங்க வேண்டியதுதான். ஆனால் அடியிலைகள் மட்டும் வெயிலில் சுருண்டு, நுனி பச்சையாக இருந்தால் அது வெறும் சூடு. பயந்து நல்ல செடியைப் பிடுங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், நுனியைப் பாருங்கள். வெள்ளை ஈ, அசுவினிக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் அடிக்கலாம்.

பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று வாடினால் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் பால்போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் அடுத்த சில வருடம் இந்தக் குடும்பமே வேண்டாம். புகையிலை தொட்ட கையோடு செடியைத் தொடாதீர்கள். இலையில் வெளிர் திட்டுகளை உண்டாக்கும் தேமல் வைரஸ் அப்படியும் பரவும், விதையின் மேலும் ஒட்டிக்கொண்டு போகும். தேமல் தெரிந்த செடியில் விதை எடுக்கவே கூடாது.

பறிப்பது

கொத்தில் காம்புப் பக்கத்துப் பழம் முதலில் பழுக்கும், நுனி கடைசியில். முழுக் கொத்தையும் வெட்டக் காத்திருந்தால் முதல் பழம் வெடித்துப்போகும், அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகப் பறிப்பதே வழி. கறுப்பு ரகங்களில் பழத்தின் தோள்பட்டை, அதாவது காம்பைச் சுற்றிய பகுதி, பச்சையாகவே இருக்கும், நிறத்தை நம்பாமல் விரலால் தொட்டு லேசாக மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து 30 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் சிவப்பு நிறமி சரியாக உண்டாகாது, பழம் ஆரஞ்சாகவே நிற்கும். நிறம் திரும்ப ஆரம்பித்ததும் பறித்து நிழலில் வைத்தால் உள்ளே பழுத்துவிடும். பறித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாசம் போய்விடும், வெளியில் வையுங்கள்.

விதை எடுப்பது

நூல் கட்டிய கொத்துப் பழங்களைச் செடியிலேயே நன்றாக, கொஞ்சம் அளவுக்கு மீறியே பழுக்க விடுங்கள். பத்துப் பதினைந்து பழத்தைக் கண்ணாடிக் குவளையில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, துணியால் மூடி நிழலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழப்பான உறை இருக்கும். விதை பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. புளித்தால்தான் அது கரையும். மேலே வெள்ளைப் பூசணம் படரும், நாற்றமும் அடிக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஐந்தாறு நாள் மறந்துவிட்டால் விதை குவளையிலேயே முளைத்துவிடும்.

பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். நல்ல விதை அடியில் தங்கும், பதரும் சதையும் மிதக்கும். மிதப்பதை வடித்து, இரண்டு மூன்று தடவை அலசி, தேநீர் வடிகட்டியில் வடித்து, பீங்கான் தட்டில் பரப்புங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. வெயிலில் வேண்டாம், நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் பத்து நாள் காய வேண்டும். தினமும் விரலால் கலைத்துவிட்டால் கட்டியாகாது. விதையை மடக்கினால் வளையாமல் ஒடிய வேண்டும், அதுதான் பதம்.

காகித உறையில் போட்டு, அந்த உறையைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்து, குளிர்ச்சியான இருட்டு இடத்தில் வைத்தால் நாலைந்து வருடம் நன்றாக முளைக்கும். பழைய விதையில் சந்தேகம் வந்தால் பத்து விதையை ஈரக் காகிதத்தில் சுற்றிப் பத்து நாள் வைத்துப் பாருங்கள். ஏழுக்கு மேல் முளைத்தால் தாராளமாக விதைக்கலாம்.

உறைமேல் ரகத்தின் பெயர், ஆண்டு, செடி எப்படி இருந்தது என்று ஒரு வரி, மூன்றையும் விதையைப் போடுவதற்கு முன்பே பென்சிலால் எழுதிவிடுங்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நான் வைத்த உறை ஒன்று இன்னும் குப்பியில் கிடக்கிறது. எல்லாத் தக்காளி விதையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வரும் பருவத்தில் அதில் நாலு விதை போட்டால்தான் தெரியும், கறுப்பா மஞ்சளா என்று.